விண்வெளிக்கு ஒரு பக்கவாசல்

மாண்ட்ரியல்காரர்கள் இரண்டு பேர் காசு கொடுத்து விண்வெளிக்குப் போய் வந்திருக்கிறார்கள். முதல் ஆள் கி லாலிபெர்த்தே. தெருவில் நெருப்பு ஊதி வித்தை காட்டிக்கொண்டிருந்தவர், பிறகு சர்க் டு சோலே சர்க்கஸைத் தொடங்கிப் பெரும் கோடீஸ்வரர் ஆனவர். 2009 செப்டம்பர் 30 அன்று ரஷ்யாவின் சோயுஸில் ஏறினார். போகும்போது சிவப்புக் கோமாளி மூக்கையும் மறக்காமல் எடுத்துப் போனார். கட்டணம் சுமார் 3.5 கோடி அமெரிக்க டாலர் என்று அப்போது செய்தி வந்தது. இரண்டாவது ஆள் மார்க் பாத்தி, தொழிலதிபர். 2022 ஏப்ரல் 8 அன்று ஆக்சியம் நிறுவனத்தின் முதல் பயணத்தில் போய் 17 நாள் கழித்துத் திரும்பினார். அந்த சீட்டின் விலை 5.5 கோடி டாலர் என்றார்கள்.

நான் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் (முழுப் பெயரைச் சொல்வதற்குள் பஸ் போய்விடும், நாங்கள் டி.டி.ஓ. என்றுதான் சொல்வோம்) இந்த இருவரைப் பற்றியும் திருமுருகன் கோவில் வாசலிலோ மளிகைக்கடையிலோ யாரும் பேசி நான் கேட்டதில்லை. பணக்காரர்கள் எங்கேயோ போகிறார்கள், வருகிறார்கள், நமக்கென்ன. ஆனால் 2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, என் போனில் இருந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே படம். நீல உடையில் ஒரு பெண். சிரிஷா பண்ட்லா. குண்டூர்ப் பெண், தாய்மொழி தெலுங்கு. அதனாலென்ன, சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்தானே என்று நம்ம ஆளுங்களும் சேர்த்துக் கொண்டாடினார்கள்.

அன்றைக்கு வந்த செய்திகளெல்லாம் இரண்டே ரகம். கல்பனா சாவ்லாவுக்குப் பிறகு விண்வெளிக்குப் போன இந்தியாவில் பிறந்த இரண்டாவது பெண் என்று மாலை போட்டது ஒன்று. ரிச்சர்ட் பிரான்சன் என்ற கோடீஸ்வரரின் உல்லாசப் பயணம், அதில் இவரும் ஒரு சீட்டு என்று உதட்டைப் பிதுக்கியது இன்னொன்று. ஒரு இன்ஜினியராக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. அந்த சீட்டில் உட்காருவதற்கு முன்னால் இந்தப் பெண் பத்து வருஷம் என்ன வேலை பார்த்தார்?

தேடிப் படித்தபோது கிடைத்த கதை நேர்கோடாக இல்லை. சின்ன வயதில் குடும்பத்தோடு ஹூஸ்டனுக்குப் போனவர். நாசாவின் பயிற்சி மையம் இருக்கிற ஊரில் வளர்ந்தால் எந்தக் குழந்தைக்கும் வருகிற ஆசை அவருக்கும் வந்தது. ஆனால் கண் பார்வை நாசாவின் அன்றைய விதிகளுக்கு ஒத்துவரவில்லை. அன்று விண்வெளிக்கு இருந்தது அரசாங்க வாசல் ஒன்றுதான், அது மூடிக்கொண்டது.

அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 2004 ஜூன் 21 அன்று கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற சின்ன விமானம் ஒரே ஒரு விமானியோடு 100 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. அரசாங்கம் அனுப்பாமல் மனிதன் விண்வெளிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அதே வருஷம் அக்டோபரில் அந்த விமானம் 1 கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வென்றது. அப்படியானால் இன்னொரு வாசலும் இருக்கிறது என்று பண்ட்லாவுக்குத் தோன்றியது அப்போதுதான்.

அந்தப் பரிசின் பெயரிலேயே புலம்பெயர்ந்த ஒரு பெண் இன்ஜினியர் இருக்கிறார். அனுஷே அன்சாரி, ஈரானிலிருந்து பதின்வயதில் அமெரிக்கா வந்தவர். எலக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் படித்து, டெக்சாஸில் தொலைத்தொடர்பு மென்பொருள் கம்பெனி நடத்தி, அதை விற்ற பணத்தில் குடும்பத்தோடு சேர்ந்து அந்தப் பரிசுக்குப் பொறுப்பேற்றார். 2006-இல் சோயுஸ் பயணத்துக்கு மாற்று ஆளாகத்தான் பயிற்சியில் இருந்தார். போக வேண்டிய ஜப்பானியத் தொழிலதிபர் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. செப்டம்பரில் அன்சாரி போனார். சொந்தப் பணத்தில் போன முதல் பெண்.

அன்சாரி மாதிரி போவதற்கு முதலில் கம்பெனி தொடங்கி விற்க வேண்டும். அது நம்மில் எத்தனை பேருக்கு ஆகும்? பண்ட்லாவின் வழி வேறு, மாதச் சம்பளக்காரரின் வழி. பர்டியூ பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்து 2011-இல் வெளியே வந்தார். டல்லாஸ் பக்கத்தில் கிரீன்வில் என்ற ஊரில் எல்-3 நிறுவனத்தில் இன்ஜினியர் வேலை. அதுவரைக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போகிற ரோடுதான்.

அடுத்து அவர் எடுத்த முடிவை நம்ம சித்தப்பா, பெரியப்பா யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு வாஷிங்டனில் வணிக விண்வெளிப் பயணக் கூட்டமைப்பு என்ற சங்கத்தில் சேர்ந்தார். தனியார் ராக்கெட் கம்பெனிகளின் சார்பில் நாடாளுமன்றத்திலும் அரசுத் துறைகளிலும் பேசுகிற சங்கம் அது. "இவ்வளவு படிச்சுட்டு சங்கத்துல வேலையா?" என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் இந்தத் துறையில் இயந்திரத்துக்கு நிகராகச் சட்டமும் கனமானது. தனியார் கலத்தில் ஏறுகிற பயணியின் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசு விரிவான விதி போடக் கூடாது, துறை கற்றுக்கொள்ளும் வரை காலம் தர வேண்டும் என்று 2004-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஏறுகிறவர் ஆபத்தெல்லாம் தெரிந்துதான் ஏறுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். 2015-இல் அதை 2023 வரை நீட்டினார்கள், பிறகு மறுபடி மறுபடி நீட்டினார்கள். இப்படி ஒரு சட்டம் எப்படி உருவாகிறது, எங்கே வளைகிறது என்று தெரிந்த இன்ஜினியர்கள் கையளவுதான். பண்ட்லா அதில் ஒருவர் ஆனார். பின்னால் அவரை வர்ஜின் கேலக்டிக் எடுத்தபோது அவர் வகித்த பொறுப்புகள் அரசு விவகாரங்களும் ஆராய்ச்சிப் பணிகளும்தான். இடையில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.வும் முடித்தார்.

அவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்த வருஷம் 2015 என்பதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். 2014 அக்டோபர் 31 அன்று வர்ஜின் கேலக்டிக்கின் முதல் கலம் என்டர்பிரைஸ் சோதனைப் பறப்பில் நடுவானில் உடைந்து, துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்துபோனார். அந்தக் கலத்தின் வால்பகுதி திரும்பி வரும்போது மேல்நோக்கி மடங்கும். பூப்பந்து எந்தப் பக்கம் எறிந்தாலும் தலைகீழாகவே இறங்குவது போல, கலம் தானே நேராகிக்கொள்ளும். அருமையான யோசனை. ஆனால் அதன் பூட்டை ஒலியின் வேகத்தைப் போல 1.4 மடங்கு தாண்டிய பிறகே திறக்க வேண்டும். ஆல்ஸ்பரி 0.8-லேயே திறந்துவிட்டார். காற்றின் அழுத்தம் வாலைப் பிய்த்து எறிந்தது. 2015 ஜூலையில் விசாரணை வாரியம் சொன்னது: ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை தவறினால் கலமே போய்விடும் என்பதை வடிவமைத்த கம்பெனி கணக்கில் எடுக்கவில்லை.

மென்பொருள்காரனாக இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. ஒரு கோப்பை அழிப்பதற்கே "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பெட்டியை நாங்கள் வைக்கிறோம். நேரம் வருமுன் பூட்டு திறக்காதபடி ஒரு தடுப்பை அந்த விபத்துக்குப் பிறகுதான் அடுத்த கலத்தில் பொருத்தினார்கள். ஓர் உயிர் போன சில மாதங்களில் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருஷம் கழித்து அதே வடிவக் கலத்தில் ஏறியவரை "ஜாலி ட்ரிப்" போனவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பறப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு சின்னது. நியூ மெக்சிகோவில் தாய் விமானம் யூனிட்டி கலத்தைச் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமந்துபோய் விட்டது. ராக்கெட் ஒரு நிமிஷம் எரிந்தது. உச்சி சுமார் 86 கிலோமீட்டர். எடையின்றி மிதந்தது நாலு நிமிஷத்துக்குள். பிறகு கிளைடர் மாதிரி மிதந்து ஓடுபாதைக்கு வந்துவிட்டது. அந்த நாலு நிமிஷத்தில் மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்க, பண்ட்லாவுக்கு ஒரு வேலை இருந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் தாவரங்கள் அடைத்த குழாய்களை, எடை மாறுகிற ஒவ்வொரு கட்டத்திலும் கையால் இயக்க வேண்டும். குழாயில் இருக்கும் திரவம் செடியை அந்தக் கணத்தில் இருந்தபடியே நிறுத்திவிடும். எந்த மரபணு எப்போது விழித்தது என்று பிறகு தரையில் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சோதனையை வகுத்த பேராசிரியர்களில் ஒருவரான ராப் ஃபெர்ல் 2024 ஆகஸ்டில் புளூ ஆரிஜின் கலத்தில் தானே ஏறிப் போய் அதே மாதிரிக் குழாய்களை இயக்கினார். ஆராய்ச்சியாளரே தன் செடியோடு போய்வரலாம் என்பதை நாலு நிமிஷத்தில் செய்து காட்டத்தான் பண்ட்லாவை அனுப்பினார்கள்.

சரி, 86 கிலோமீட்டர் விண்வெளியா? அமெரிக்க அரசுக்கு 80 போதும், உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்புக்கு 100 வேண்டும். கோவில் கூட்டத்தில் இதை வைத்துச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்தப் பறப்புக்கு 9 நாள் கழித்து, 2021 ஜூலை 20 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. விண்வெளி வீரர் சின்னம் வேண்டுமென்றால் உயரம் மட்டும் போதாது, பயணத்தின் பாதுகாப்புக்கு உதவும் வேலை எதையாவது செய்திருக்க வேண்டும் என்றது. அந்த வருஷக் கடைசியில் சின்னம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அதே துறை, பண்ட்லா போன கலம் இறங்கும்போது தனக்கு ஒதுக்கிய வான்வெளியை விட்டு 1 நிமிஷம் 41 வினாடி வெளியே போயிருந்ததைக் கண்டுபிடித்து, செப்டம்பரில் சில வாரம் அதைப் பறக்கவிடாமலும் வைத்தது. வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி சுற்றவே இல்லை.

கல்பனா சாவ்லாவையும் பண்ட்லாவையும் ஒரே தராசில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாவ்லா இரண்டு பயணங்களில் ஒரு மாதத்துக்கு மேல் சுற்றுப்பாதையில் வேலை பார்த்தவர், 2003-இல் கொலம்பியாவோடு போனவர். ஆனால் லாலிபெர்த்தேயோடு பண்ட்லாவை வைப்பதும் சரியில்லை. ஒருவர் டிக்கெட் வாங்கினார். மற்றவர் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார். இந்த இரண்டாவது ரகம் இப்போது வளர்கிறது. 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் பயணத்தில் சாரா கில்லிஸ், அன்னா மேனன் என்று ஸ்பேஸ்எக்ஸின் இரண்டு இன்ஜினியர்கள் போனார்கள். கில்லிஸ் அங்கே மாணவப் பயிற்சியாளராக நுழைந்து, பிறகு நாசா வீரர்களுக்கே கலத்தை இயக்கப் பயிற்சி கொடுத்தவர். பிறரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த சீட்டில் கடைசியில் அவரே உட்கார்ந்தார், கதவைத் திறந்து வெளியேயும் நின்றார். மேனன் உயிரிமருத்துவப் பொறியியல் படித்தவர். அவர் 2025 செப்டம்பரில் நாசாவின் புதிய வீரர் அணிக்கே தேர்வானார். 8,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து 10 பேரை எடுத்த அணி அது. பக்கவாசல் வழியாகப் போனவர் அங்கிருந்து தலைவாசலுக்கு வந்திருக்கிறார்.

இதையெல்லாம் எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "உதெல்லாம் காசுக்காரரின்ர விளையாட்டு, தம்பி" என்றார். பக்கத்தில் அவருடைய மகள், 11 வயது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அங்கிள், கண்ணாடி போட்டா எடுக்க மாட்டினமோ?"

அவளுக்குப் பதில் சுலபம். பண்ட்லாவைத் தடுத்த அந்த விதி இப்போது இல்லை. லேசர் முறையில் கண்ணைச் சரிசெய்தவர்களை 2007-இல் நாசா ஏற்கத் தொடங்கியது. கனடா விண்வெளி நிறுவனம் கடைசியாக ஆள் எடுத்தபோது, கண்ணாடி போட்டாவது ஒவ்வொரு கண்ணிலும் முழுப் பார்வை இருந்தால் போதும் என்றது.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் கஷ்டம். காசு இல்லாமல் போக வழி உண்டு, ஆனால் அந்த வழியில் காசைவிடப் பெரிய சுங்கச்சாவடி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் காகிதம். நான் எச்1பி விசாவில் டெக்சாஸில் இருந்தபோது, தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் வேலைக்கு ஒரு ராக்கெட் கம்பெனி ஆள் தேடியது. அவர்கள் கேட்டதெல்லாம் என்னிடம் இருந்தது. விளம்பரத்தின் கடைசிப் பத்தியில் 'அமெரிக்க நபர்' மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அமெரிக்கச் சட்டத்தில் ராக்கெட்டும் ஆயுதப் பட்டியலில்தான் வருகிறது. அதன் நுட்பத்தைக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர் தவிர்த்த ஒருவரிடம் அனுமதியில்லாமல் காட்டினாலே ஏற்றுமதி செய்த மாதிரி. சின்ன வயதில் குடும்பத்தோடு போய் ஹூஸ்டனில் வளர்ந்தவருக்கும், 26 வயதில் விசா முத்திரையோடு இறங்கிய எனக்கும் பட்டம் ஒரே மாதிரி இருக்கலாம், பாஸ்போர்ட் ஒரே மாதிரி இல்லை. இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வரிசையை விட்டு விலகி வடக்கே ஏறி வந்தேன்.

அந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. 'அமெரிக்க நபர்' என்பதில் அமெரிக்கா அகதியாக ஏற்றுக்கொண்டவர்களும், அங்கே தஞ்சம் பெற்றவர்களும் அடக்கம். அகதிகளையும் தஞ்சம் பெற்றவர்களையும் விண்ணப்பிக்க விடாமல் தடுத்ததாக ஸ்பேஸ்எக்ஸ் மேல் அமெரிக்க நீதித்துறை 2023 ஆகஸ்டில் வழக்கே போட்டது. கம்பெனி மறுத்தது. ஆட்சி மாறியபின் 2025-இல் வழக்கைக் கைவிட்டார்கள். வழக்கு போனாலும் அந்த வரி சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் தஞ்சம் பெற்ற ஈழத்துக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எச்1பி-யில் இருக்கும் என்னைப் போன்றவனுக்கு மூடிய கதவு அவர்களுடைய மகனுக்கும் மகளுக்கும் சட்டப்படி திறந்தே இருக்கிறது.

அண்ணனின் மகள் கனடாவில் பிறந்தவள். அவளுக்கு அமெரிக்கக் கம்பெனி வேண்டுமானால் அதே சுங்கச்சாவடிதான். ஆனால் அவள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து 40-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் செயின்ட்-ஆன்-டி-பெல்வியூவில் எம்.டி.ஏ. தொழிற்சாலை, செயற்கைக்கோள்கள் செய்கிற இடம். டெலிசாட் லைட்ஸ்பீடு கோள்கள் அங்கேதான் உருவாகின்றன. அண்ணன் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். அது ஏதோ கிடங்கு என்று நினைத்திருந்தாராம். கனடா விண்வெளி நிறுவனத்தின் தலைமையகமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாங்கேயில், செயின்ட்-ஹூபேரில் இருக்கிறது.

அரசாங்க வாசலில் நுழைந்த உள்ளூர் இன்ஜினியர்களும் உண்டு. ஜூலி பயெட் மாண்ட்ரியலில் பிறந்து மெக்கில்லில் மின்பொறியியல் படித்தவர். ஐ.பி.எம்.மிலும் பிறகு பெல்-நார்தர்னிலும் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி முறைகளில் வேலை பார்த்தார். சுருக்கமாகச் சொன்னால் நம்ம மாதிரி ஐ.டி. ஆள். 1992-இல் 5,330 பேரில் நாலு பேராகத் தேர்வாகி, 1999-லும் 2009-லும் போய் வந்தார். ஜென்னி சைடி-கிப்பன்ஸ் மெக்கில்லில் இயந்திரவியல் படித்தவர், 2017-இல் 3,772 பேரில் இரண்டு பேரில் ஒருவர்.

"அடுத்து எப்ப ஆள் எடுப்பினம்?" என்று கேட்டாள். கனடா இதுவரை எடுத்தது நாலே தடவை: 1983, 1992, 2009, 2017. இடைவெளி 9, 17, 8 வருஷம் என்று அவளே விரல்விட்டு எண்ணினாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, "அப்ப அதுவரைக்கும் இவள் என்னத்தைப் படிக்கிறது தம்பி?" என்றார். எம்.டி.ஏ. கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது என்றும், முதலில் பிரெஞ்சில் தேறட்டும் என்றும் சொன்னேன். கடைசியில் சொன்னது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.